சன்னல் வைக்காத திரை

சன்னல் இல்லாமல் அக்கா ஒரு பெரிய துணியைத் தைத்தது அதுதான் முதல் தடவை.

வெட்டவெளியில் கட்டும் துணி எதுவானாலும் அதில் சன்னல் வைப்பார்கள். சோற்றுத் தட்டைத் துணிமேல் கவிழ்த்து, அதன் கீழ்ப்பாதி விளிம்பை ஒட்டி நீலச் சாக்பீஸால் கோடு இழுத்து, கோட்டின்மேல் கத்தரிக்க வேண்டும். மேல்பக்கம் துணியோடு ஒட்டியே இருக்கும். வெட்டிய ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டால் காற்று இல்லாதபோது அந்த அரைவட்டம் மூடிக் கிடக்கும். காற்று வந்தால் நாக்கைப் போலத் தூக்கிக்கொண்டு வழிவிடும். விளம்பரப் பதாகையோ மேடையின் பின்துணியோ, முப்பது நாற்பது சன்னல் இல்லாமல் அக்கா வீட்டிலிருந்து எதுவும் வெளியே போனதில்லை. சன்னல் இல்லாத துணி படகுப் பாய். கட்டிய கம்பியோடு சேர்த்துச் சாய்த்துவிடும்.

கோடு இழுக்கும் தட்டு அக்காவின் கணவர் சாப்பிடும் தட்டு. வீட்டில் இருந்ததிலேயே அகலமானது அதுதான். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் விளிம்பின் மடிப்பில் நீலம் கொஞ்சம் நின்றுவிடும். என் சோத்துக்கு எல்லை போட்டு வெச்சிருக்கா என்பார் அவர்.

அவரைக் கம்பி அண்ணன் என்பார்கள். இரும்புக் குழாய்களை இணைத்து மேடை கட்டுவது, திரை கட்டுவது, விளக்குத் தொங்கவிடும் சட்டம் கட்டுவது அவர் தொழில். ஆளும் கம்பி மாதிரிதான் இருப்பார். அவர் கட்டும் சட்டத்துக்கு அக்கா துணி தைப்பாள். நான் அவர்கள் வீட்டு மாடியறையில் வாடகைக்குக் குடியிருந்தேன். விழாக்களில் படம் ஓட்டுவது என் வேலை. ஆகவே அவர் நிறுத்திய கம்பியில் அவள் தைத்த துணிமேல் நான் விளக்கை அடிப்பேன். மூன்று பேரும் ஒரே வீட்டிலிருந்து கிளம்பிப் போவோம்.

இந்தத் திரைக்கு முந்தைய வருடம் ஒரு இசை மேடையின் உச்சியிலிருந்து கம்பி அண்ணன் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துபோயிற்று. ஐந்து மாதம் படுக்கை. அந்த ஐந்து மாதமும் தையல் மெஷின் சத்தம் நின்று நான் கேட்டதில்லை. எழுந்து நடந்த முதல் நாள் அக்கா அவரிடம் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டாள். இனித் தன் தலை உயரத்துக்குமேல் ஏற மாட்டேன் என்று. ஏறுவதற்கு அக்காவின் தம்பி வந்தார். கம்பி அண்ணனுக்கு மச்சான் என்பதால் களத்தில் எல்லோருக்குமே அவர் மச்சான்தான்.

என் மனைவி இறந்ததும் அதே வருடம்தான். அதைப் பற்றி அவர்கள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அக்கா மட்டும் மத்தியானங்களில் மாடிப்படியின் மூன்றாவது படியில் மூடிய கிண்ணத்தில் சோறு வைத்துவிட்டுப் போவாள். பாதி தின்ற கிண்ணத்தை நான் அதே படியில் வைப்பேன்.

திரை தைத்த வருடம் ஊரின் மூன்று விழாக்களையும் ஒன்றாகச் சேர்த்திருந்தார்கள். ஆற்றங்கரையின் பழைய சரக்குக் கிடங்குகளில் வடிவமைப்புக் கண்காட்சி. படகுத்துறையில் இசை. இரண்டுக்கும் நடுவே இருந்த திறந்த வெளியில் பத்து நாள் படங்கள். கிடங்குக்குள் உட்காரக் கூடாத நாற்காலிகளை வரிசையாக வைத்து அவற்றின்மேல் விளக்கடித்திருந்தார்கள். உட்காரும் நாற்காலிகளை வாடகைக்கு எடுத்து எங்கள் பக்கம் போட்டார்கள்.

திரைக்கான வேலையைச் சொல்ல விழாவின் வடிவமைப்பாளர் வீட்டுக்கே வந்தார். முப்பது வயது இருக்கும். அவரைக் களத்தில் வெள்ளை மேடம் என்பார்கள். நிறத்தால் வந்த பெயரல்ல. எதைக் காட்டினாலும் இதை வெள்ளையாக்க முடியுமா என்று கேட்பார். தையலறைத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மாதிரிக்கு ஒரு துண்டுத் துணியை அக்காவிடம் கொடுத்து, திரையில் ஒரு ஓட்டைகூட இருக்கக் கூடாது என்றார். கண் எங்கேயும் தடுக்கக் கூடாதாம். அடியில் கட்டும் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்கள்தான் சட்டத்தைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். அவற்றையும் கறுப்புத் துணியால் மூடிவிடச் சொன்னார்.

அக்கா காற்றைப் பற்றி ஒருமுறை சொன்னாள். இந்த மாதத்தில் காற்றே இல்லை, பத்தே நாள்தான் என்றார் மேடம். வழக்கமாக அக்கா இந்த இடத்தில்தான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சண்டையைத் தொடங்குவாள். அன்று பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

துணி வந்தபோது காரணம் புரிந்தது. கனமான பருத்தி, காகிதம் சுற்றிய பன்னிரண்டு உருளைகள். அக்கா கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் காகிதத்தைப் பிரித்தாள். முதல் உருளையின் நுனியைப் பிடித்து விரல்களுக்கிடையே வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருபது வருடமாக அவள் தைத்ததெல்லாம் பிளாஸ்டிக் கலந்த முரட்டுத் துணி. தைத்து முடித்த கையோடு அதில் அவளே ஓட்டை போட வேண்டும்.

தைக்கத் தைக்கத் துணி அறையை நிரப்பி நடைக்கு வந்தது. நாங்கள் சுவரோரமாக ஒதுங்கி நடந்தோம். கம்பி அண்ணன் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, ஊன்றுகோலையும் கையில் தூக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்து நடப்பார். வீடு மொத்தமும் ஆஸ்பத்திரி ஆயிடுச்சு, நான்தான் இன்னும் நோயாளி என்பார். ஓரம் முழுக்க இரட்டைத் தையல். ஓரத்தைச் சுற்றிக் கயிறு கோக்க நூற்றிருபது பித்தளைக் கண்ணிகள். தைக்கத் தொடங்கி ஒன்பதாம் நாள் காலையில் கண்ணி அடித்துக்கொண்டிருந்தபோது நான் தேநீர் குடிக்கக் கீழே வந்திருந்தேன். கம்பி அண்ணன் கதவருகே நின்று கேட்டார்.

"சன்னல் எத்தனை வெச்சே?"

"நாப்பது," என்றாள் அக்கா. தலை நிமிரவில்லை.

"நாப்பதுன்னா எட்டுப் பீப்பாய் போதும்."

"போதும்."

அவர் சரி என்று போய்விட்டார்.

அவள் சொன்னது பொய் என்பது எனக்குத் திரை ஏறிய அன்றுதான் தெரிந்தது. முப்பத்தாறு அடி அகலம், பதினெட்டு அடி உயரம். மச்சான் உச்சியில் உட்கார்ந்து கொக்கிகளை மாட்டினார். அவருக்குக் கொக்கியும் முடிச்சும் சரியாக இருந்தால் போதும், நடுவில் இருப்பது துணியா தோசைக்கல்லா என்று பார்க்க மாட்டார். ஒழுங்காகத் தைத்த சன்னல், மூடியிருந்தால் பத்தடி தள்ளி நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் அக்கா நாற்பது என்று சொல்லியிருந்தாள். ஆனால் படம் ஓட்டுபவனுக்குத் தெரிந்துவிடும். படம் போடும் முன் வெறும் வெள்ளை வெளிச்சத்தை அடித்துப் பார்ப்போம். அப்போது ஒவ்வொரு சன்னலின் ஓரமும் மெல்லிய நிழலாக விழும். நான் அடித்தேன். ஒரு நிழலும் இல்லை. தைத்த இடங்கள்கூடத் தெரியாத வெள்ளை.

அக்கா என் கூடாரத்து வாசலில் நின்றிருந்தாள்.

"பாத்துட்டியா தம்பி?"

"பாத்துட்டேன்கா."

"அவர்கிட்ட சொல்லாதே. காத்து இல்ல, பத்து நாள்தான். இறக்கி மடிச்சதும் நானே சொல்லிக்கிறேன்."

நான் சரி என்றேன். அந்த நாட்களில் எதையும் சொல்லாமல் இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. சட்டத்துக்குப் பின்னால் கம்பி அண்ணன் இருட்டிய பிறகும் குழாயைப் பிடித்துப் பீப்பாய்களில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். காலையிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை. இன்னும் முடியவில்லையா என்று கேட்டதற்கு, தண்ணிக்கென்ன, சும்மாதானே வருது என்றார்.

ஆறு நாள் இலைகூட அசையவில்லை. ஒவ்வொரு மாலையும் அக்கா வந்து கடைசி வரிசையில், என் கூடாரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். படங்களை அவள் பார்த்ததாக நினைவில்லை. துணியின் நான்கு மூலைகளையும் ஒன்று மாற்றி ஒன்றாகப் பார்ப்பாள். பிறகு ஆற்றைப் பார்ப்பாள். இரண்டாம் நாளே அவள் முகத்திலிருந்து அந்தத் துணியின் சந்தோஷம் போய்விட்டது. சொல்லிடுங்களேன் அக்கா என்று ஒருமுறை ஆரம்பித்தேன். இன்னும் நாலே நாள் என்றாள்.

ஏழாம் நாள் மதியத்திலிருந்து புழுக்கம். ஆற்றின் அக்கரையில் மேகம் சேர்ந்திருந்தது. மாலை ஆறரைக்குப் படம் தொடங்கியது. பனியில் ஒரு தபால்காரர் நடப்பார். மூன்று மணி நேரமும் நடப்பார். முந்நூறு பேர் அதைப் பார்க்க வந்திருந்தார்கள். ஏழு மணிவாக்கில் படகுத்துறைப் பக்கம் ஏதோ கிழிந்த சத்தம். இசை மேடையின் பின்துணி. அதைத் தைத்தவர்கள் வேறு ஆட்கள். கட்டியதும் வேறு ஆட்கள். ஆனாலும் மச்சானைக் கூப்பிட்டு ஆள் வந்தது, அவர் ஓடினார்.

அவர் போன ஐந்தாவது நிமிடம் எங்கள் திரையின் வலது மேல் மூலையில் கொக்கி கழன்றது. மூலை மடிந்து தொங்கியது. தபால்காரரின் தொப்பி பாதியைக் காணோம்.

கம்பி அண்ணன் சட்டத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். துறைப்பக்கம் திரும்பி மச்சானைத் தேடினார். மறுபடி மேலே பார்த்தார். பிறகு ஊன்றுகோலைச் சாத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

அவர் செருப்பைக் கழற்றினால் ஏறப்போகிறார் என்று அர்த்தம். அக்கா எழுந்துவிட்டாள். என்னங்க என்றாள். கடைசி வரிசையிலிருந்து அது அவருக்குக் கேட்டிருக்காது. அவள் சத்தமாகவும் சொல்லவில்லை. அவர் ஒவ்வொரு குறுக்குக் கம்பியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மாடிப்படியில் ஏறும் குழந்தையைப் போல ஏறினார். உச்சிக்குப் போய்க் காலைக் கம்பியில் பின்னிக்கொண்டார். மூலையை எட்டிப் பிடித்தார்.

அப்போது காற்று வந்தது.

முதலில் துணி உள்ளே போயிற்று. பிறகு எங்களைப் பார்க்க வயிறு தள்ளியது. தபால்காரர் அகலமானார். ஜனம் சிரித்தது. சட்டத்தின் இணைப்புகள் ஒவ்வொன்றாக முனகின. கறுப்புத் துணிக்கு அடியில் ஒரு பீப்பாய் சிமெண்டுத் தரையில் இழுபடும் சத்தம் எனக்குக் கேட்டது. அக்காவுக்கும் கேட்டது.

"தம்பி, ஏணி."

கூடாரத்தின் பின்னால் எட்டுப் படி ஏணி இருந்தது. தூக்கிக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன். படத்தை நிறுத்தட்டுமா என்று ஓடிக்கொண்டே கேட்டேன்.

"நிறுத்தாதே. வெளிச்சம் போனா அவருக்குக் கால் வைக்கிற இடம் தெரியாது."

"அடிக்கயிறை அறுத்துடலாமேக்கா."

"அறுத்தா துணி மேல எழும்பி அவரை அடிச்சுத் தள்ளும். நீ ஏணியைப் புடி."

அவள் பையில் எப்போதும் கத்தரிக்கோல் இருக்கும். ஏறினாள். இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மனைவி போன இந்தப் பதினாலு மாதத்தில் நான் எதையும் அப்படி இறுகப் பிடித்ததில்லை. துணி அவள் முகத்துக்கு நேரே விம்மிக்கொண்டிருந்தது. அவள் கத்தரிக்கோலை ஓங்கினாள், ஆனால் குத்தவில்லை. அண்ணாந்து பார்த்தாள்.

"நான் சன்னல் வைக்கல. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். கம்பியைக் கட்டிப் புடிச்சுக்கோங்க."

மேலேயிருந்து குரல் வந்தது. "தெரியும். வெட்டு."

அவள் கை ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு குத்தி இறக்கி வளைத்தாள். தட்டும் இல்லை, சாக்பீஸும் இல்லை. கை போன வாக்கில் ஒரு அரைவட்டம். வெட்டியதும் அந்தத் துண்டு சடக்கென்று எழும்பியது. காற்று என் முகத்தில் வந்து அடித்தது. பக்கத்தில் இன்னொன்று. இறங்கினாள், ஏணியை நகர்த்தினோம், ஏறினாள்.

படம் ஓடிக்கொண்டிருந்ததால் அவள் நிழலும் ஏணியின் நிழலும் திரைமேல் விழுந்திருந்தன. பனியில் தபால்காரர் நடக்கிறார். நிழலாக ஒரு பெண் கத்தரிக்கோலால் அந்தப் பனியை வெட்டுகிறாள். வெட்டிய இடங்களில் ஆற்றின் படகு விளக்குகள் தெரிகின்றன. யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டு மூன்று பேர் எழுந்து நின்று தட்டியது ஓரக்கண்ணில் தெரிந்தது. ஐந்தாவது சன்னலுக்கு முனகல் குறைந்தது. ஒன்பதாவதற்குத் துணியின் வயிறு வடிந்தது. அவள் பதினொன்று வெட்டினாள். அதற்குமேல் ஏணி நகர இடமில்லை.

கம்பி அண்ணன் உடனே இறங்கவில்லை. மூலையை இழுத்துக் கொக்கியை மாட்டி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்துவிட்டுத்தான் இறங்கினார். தரையில் கால் வைத்ததும் திரைக்குப் பின்னால் போய், கறுப்புத் துணி மூடிய பீப்பாய்மேல் உட்கார்ந்துகொண்டார். அக்கா போனாள். நானும் போனேன். என்னால் அங்கே போகாமல் இருக்க முடியவில்லை.

"என்ன தெரியும்?" என்றாள்.

அவர் தான் உட்கார்ந்திருந்த கறுப்புத் துணியின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். அக்கா குனிந்து எண்ணினாள். நானும் எண்ணினேன். பதினாலு பீப்பாய். ஒன்று மட்டும் இடம் நகர்ந்து இன்னொன்றின்மேல் சாய்ந்திருந்தது.

"எட்டுன்னீங்களே."

"நீ நாப்பதுன்னியே."

அவர் இடுப்பைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"தெச்ச ஒன்பது நாளும் அந்தத் தட்டுலதானே சோறு போட்டே. ஒருநாளாவது நீலம் இருந்துச்சா? மடிப்புலகூட இல்ல. புதுத் தட்டு மாதிரி பளபளன்னு இருக்கு. எனக்கென்ன கண்ணு இல்லையா?"

"அப்பவே கேக்க வேண்டியதுதானே."

"கேட்டேனே. நாப்பதுன்னே."

"அதுக்கப்புறம் கேட்டிருக்கலாம்ல."

"கேட்டா நீ வெட்டிடுவே. அந்தத் துணியை நீ தொட்டதைப் பாத்தேன். கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக்கூட நீ அப்படித் தொட்டதில்ல. ஒருதடவை ஓட்டை இல்லாம ஒண்ணு தெச்சுட்டுப் போகட்டும், நாம நாலு குடம் தண்ணி கூட ஊத்தினா ஆச்சுன்னு விட்டுட்டேன்."

அக்கா தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது முகத்தில் கோபம்தான் இருந்தது.

"சன்னல் இல்லைன்னு தெரிஞ்சே மேல ஏறினீங்க. எனக்கு என்ன வார்த்தை கொடுத்தீங்க?"

"மச்சான் இல்லையே."

"மூலை மடிஞ்சா மடிஞ்சுட்டுப் போகுது. அந்தாளோட தொப்பிதானே தெரியல. மூணு மணி நேரம் நடக்கப்போறவன், தொப்பி இல்லாம நடந்தா ஆகாதா?"

கம்பி அண்ணன் சிரித்துவிட்டார். சிரித்தால் இடுப்பு வலிக்கும் அவருக்கு. வலியோடு சிரித்தார். அக்கா அவர் தோளில் பலமாக ஒரு அடி வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. அப்படியே அவர் பக்கத்தில், அதே பீப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். திரையின் பின்பக்கத்தில் தபால்காரர் இடவலம் மாறி எங்களை நோக்கி நடந்துகொண்டிருந்தார். சன்னல்கள் மெல்ல எழும்பி எழும்பி இறங்கின.

"தம்பி இன்னும் ஏணியை விடல பாரு," என்றார் கம்பி அண்ணன்.

அப்போதுதான் நான் கையைப் பார்த்தேன். ஏணியை இழுத்துக்கொண்டே அவள் பின்னால் வந்திருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொல்ல முடியாது. மூச்சு முழுதாக வந்து போயிற்று.

வெள்ளை மேடம் ஓடி வந்தார். பேரிலிருந்த வெள்ளை அப்போது முகத்துக்கும் வந்திருந்தது. பீப்பாய்களைப் பார்த்தார், சாய்ந்திருந்த ஒன்றைப் பார்த்தார், இவர்கள் இருவரையும் பார்த்தார். நான் கேட்டிருக்கக் கூடாது, நீங்க சொன்னப்பவே விட்டிருக்கணும் என்று அக்காவிடம் சொன்னார். அதை அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு தயங்கிக்கொண்டே, முன்வரிசையில் நாலைந்து பேர் இந்த நிகழ்ச்சி நாளைக்கும் உண்டா என்று கேட்பதாகச் சொன்னார்.

"நாளைக்கும் உண்டு," என்றார் கம்பி அண்ணன். "துணி மட்டும் அவங்களே கொண்டு வரணும்."

மறுநாள் காலையில் மச்சான் திரையை இறக்கினார். நடந்ததை யாரோ சொல்லி, அவர் வழியெல்லாம் அக்காவைத் திட்டிக்கொண்டே கொண்டுவந்து தையலறையில் போட்டார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு துணியை விரித்து, நேற்று வெட்டிய பதினொன்றையும் ஓரம் மடித்துத் தைத்தாள். ஒன்று சப்பையாக இருந்தது, ஒன்று கோணல். அவற்றை அப்படியே விட்டாள். அதற்குமேல் அலமாரியிலிருந்து தட்டை எடுத்துவந்து துணிமேல் கவிழ்த்தாள். நான் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வெட்டுக்கு முன் துணியின் வெள்ளையை உள்ளங்கையால் ஒருமுறை நீவினாள். அதற்குப் பிறகு மளமளவென்று வேலை நடந்தது. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

என் கிண்ணத்தை அன்று படியில் வைக்கவில்லை. கீழேயே வா என்றாள். போனேன். சோறும் முட்டையும். கம்பி அண்ணன் முன்னால் அவருடைய தட்டை வைத்தாள்.

"எத்தனை?" என்றார்.

"நாப்பது. நேத்து வெட்டினதையும் சேத்து."

அவர் தட்டைக் கொஞ்சம் சாய்த்து, விளிம்பை விரலால் சுற்றிலும் தடவினார். விரலைத் திருப்பிப் பார்த்தார். நுனியில் நீலம் ஒட்டியிருந்தது. அதை வேட்டியில் துடைத்துவிட்டுச் சோற்றில் கை வைத்தார்.